கண்ணி வைப்பவனும் மேய்ப்பவனும்

குற்றாலத்துக்குப் போனால் எனக்கு அருவியைவிட சிங்கன்தான் ஞாபகம் வருவான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவன். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் அதே வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அங்கே தலைவன் இயேசு. சிங்கன் பிடிக்கும் பறவைகள் ஆத்துமாக்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான்: பெத்லகேம் மேய்ப்பர்களின் ஊர். தாவீது ஆடு மேய்த்த ஊர். அங்கே போய் ஒரு வேடனை இறக்கலாமா? குறவஞ்சிக்குக் குறத்தியும் அவளைத் தேடி வரும் சிங்கனும் வேண்டும். மேய்ப்பனுக்கு அதில் வேஷம் கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். மனுஷரைப் பிடிக்கிற வேலையை இயேசுவே மீனவர்களுக்குக் கொடுத்தார், அதுவும் சரி. ஆனால் பிடிப்பவனின் வேலை பறவை சிக்கியதும் முடிந்துவிடுகிறது. மேய்ப்பவனுக்கு அதற்கப்புறம்தானே ராத்திரியே ஆரம்பம்!

தென்காசிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் யோவான் 10ஆம் அதிகாரத்துக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “ஆட்டுக்காவ மனுசன் சாவானா தம்பி? அவன் செத்துட்டாம்னா மிச்ச ஆட்ட யாரு பாக்கது?”

நம் பிரசங்கங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. காலண்டர் படத்தில் தோளில் குட்டியோடு நிற்கும் மேய்ப்பனுக்குக் கிடைக்கூலியும் இல்லை, கறிக்கடையும் இல்லை. சாஸ்திரியாரின் சிங்கன் கையிலாவது கண்ணி வெளியே தெரிகிறது. பெரியவர் அன்றைக்கு நாலு கிடா விற்றிருந்தார். ஒவ்வொன்றின் அடையாளத்தையும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.