தலைகீழாகத் தெரியும் வீடு: மசாஹிசா ஃபுகாசேயின் குடும்பப் படங்கள்

மசாஹிசா ஃபுகாசே என்றதும் எல்லோரும் காகங்களைத்தான் சொல்வார்கள். பனியில், கம்பிகளில், இருட்டில் கண் மட்டும் மின்னும் காகங்கள். 1986-ல் வந்த அந்தப் புத்தகத்தை, 2010-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபோட்டோகிராபி' கூட்டிய நிபுணர் குழு, கடந்த 25 ஆண்டுகளின் சிறந்த புகைப்பட நூலாகத் தேர்ந்தெடுத்தது. நானும் காகங்கள் வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது வேறொரு புத்தகத்தை. 1991-ல் வெளியான 'கசோகு'. கசோகு என்றால் குடும்பம். அதில் பறவையும் இல்லை, பனியும் இல்லை. ஒரு ஸ்டூடியோ, ஒரு பின்திரை, வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் சொந்தக்காரர்கள். முதல் தடவை பார்த்தபோது, 'இதுல என்ன இருக்கு? எல்லா வீட்டுச் சுவத்துலயும் மாட்டியிருக்கிறதுதானே?' என்றுதான் தோன்றியது.

இப்போது அப்படித் தோன்றவில்லை. ஃபுகாசே மீது அவருடைய மனைவி வைத்த ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதற்கு அவர் தெரிந்தோ தெரியாமலோ எழுதிய பதில் இந்தப் புத்தகம் என்று நினைக்கிறேன். பதில் முழுசாகத் தேறுகிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிஃபுகா என்றொரு சிறிய ஊர். அங்கே ஃபுகாசேயின் தாத்தா 1908-ல் ஸ்டூடியோ தொடங்கினார். பிறகு அப்பா சுகேசோ நடத்தினார். 1934-ல் பிறந்த மூத்த மகன் மசாஹிசா அடுத்த வாரிசு. சிறுவனாக இருக்கும்போதே பிரிண்டுகளைத் தண்ணீரில் அலசும் வேலை அவன் தலையில் விழுந்தது. அந்தக் குளிரில் அது பிள்ளைகள் விரும்பிச் செய்கிற வேலையாக இருந்திருக்காது. நிஹோன் பல்கலைக்கழகத்தில் புகைப்படம் படிக்க டோக்கியோ போனவர், 1956-ல் படிப்பை முடித்த பிறகும் ஊர் திரும்பவில்லை. கடையைத் தம்பி எடுத்துக்கொண்டார். அண்ணன் கலைஞரானார். சுருக்கமாகச் சொன்னால், கடையை விட்டு ஓடியவர்.

1964-ல் யோகோவைத் திருமணம் செய்துகொண்டார். அதற்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் கேமரா முன்னால் அதிகம் நின்றவர் யோகோதான். இறைச்சிக் கூடத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிற்கும் யோகோ. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பி, கீழே தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கும் யோகோ. இந்த ஜன்னல் படங்கள் அற்புதமானவை. ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் நாக்கைத் துருத்தல், ஒரு நாள் கடுகடுப்பு. மேலே மாடி ஜன்னலில் நின்று அவர் கிளிக் செய்துகொண்டே இருக்கிறார். நான் கவனித்தது ஒன்றுதான். அவள் போகிறாள், அவர் வழியனுப்பவில்லை, படம் எடுக்கிறார்.

1973-ல் 'கேமரா மைனிச்சி' இதழில் யோகோ ஒரு கட்டுரை எழுதினார். குணப்படுத்தவே முடியாத சுயநலக்காரர் என்று கணவரைப் பற்றித் தலைப்பு. பத்து வருஷமாக அவர் என்னை லென்ஸ் வழியாக மட்டும்தான் பார்த்தார், அந்தப் படங்களில் இருப்பது நானில்லை, அவரேதான் என்பது அதன் சாரம். 1976-ல் இருவரும் பிரிந்தார்கள். படம் எடுப்பதற்காகவே மனிதர்களோடு இருக்கிற விசித்திர நிலையைப் பற்றிப் பின்னாளில் ஃபுகாசேயே எழுதியிருக்கிறார். ஆக, குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஏறக்குறைய ஒரே வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இது ஃபுகாசேயின் பிரச்சினை மட்டும் என்று தள்ளிவிட முடியவில்லை. போன வருஷம் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா சாப்பிடுவதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. "சாப்பிடும்போதுமாடா?" என்றாள். கோபமில்லை, லேசான களைப்பு. படம் நன்றாகத்தான் வந்தது. அன்று அம்மா என்ன பேசினாள் என்று ஞாபகமில்லை.

'குடும்பம்' வரிசைக்கு வருவோம். 1971-ல் ஊருக்குப் போன ஃபுகாசே, வீட்டு ஸ்டூடியோவிலேயே, அங்கிருந்த பழைய ஆன்டனி கேமராவிலேயே குடும்பத்தை எடுக்கத் தொடங்கினார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும் பெரிய கேமரா. பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாகத் தெரிவார்கள். அப்பா, அம்மா, தம்பி, தங்கை, அவர்களுடைய துணைகள், குழந்தைகள். எல்லோரும் ஒழுங்காக, விறைப்பாக. நடுவில் ஒரு பெண் மட்டும் இடுப்பில் துணியோடு, மேலாடை இல்லாமல். ஆரம்பப் படங்களில் அது யோகோ. அடுத்தடுத்து வேறு பெண்கள். மாணவியோ நடனக்காரியோ, அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்.

குடும்பப் புகைப்படம் என்ற சடங்கைக் கேலி செய்கிறார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சரிதான். எல்லோரும் அந்தப் பெண் இல்லாததுபோலவே கேமராவைப் பார்க்கிறார்கள். எல்லாக் குரூப் போட்டோவும் நடிப்புதான் என்று நமக்கு உறைக்கிறது. ஆனால் அந்தக் கேலிக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. மனைவி இருந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். யோகோ சொன்னதை யோகோவைவிடக் கொடூரமாக இந்தப் படங்கள் சொல்லிவிடுகின்றன. இடம்தான் முக்கியம், ஆள் மாறலாம்.

இது என் கற்பனையோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். பிறகு பூனை ஞாபகம் வந்தது. 1977-ல் ஃபுகாசே ஒரு பூனைக்குட்டி வளர்த்தார். பெயர் சசுகே. சில நாட்களிலேயே அது காணாமல் போனது. தேடினார், கிடைக்கவில்லை. வேறொரு பூனை வந்தது. அதற்கும் சசுகே என்றே பெயர் வைத்தார். அந்த இரண்டாவது சசுகேயை வைத்துத்தான் அவருடைய மிக மகிழ்ச்சியான படங்கள் பிறந்தன. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

1975-க்குப் பிறகு 'குடும்பம்' வரிசை பத்து வருஷம் நின்றுபோனது. இடையில் விவாகரத்து, காகங்கள், பூனை. 1985-ல் திரும்பி வரும்போது அந்த ஸ்டூடியோவின் காற்றே மாறியிருக்கிறது. தந்தை மெலிந்துவிட்டார். ஒரு படத்தில் அவரும் மசாஹிசாவும் மேலாடை இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். முன்பு அந்நியப் பெண்ணுக்குக் கொடுத்த வேடத்தை இப்போது அவரே எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டார். கிழவரின் விலா எலும்பும் மகனின் நடுவயதுத் தொப்பையும் ஒரே வெளிச்சத்தில். கேலி இருக்கிறது, ஆனால் யாரை நோக்கி என்று சொல்வது கஷ்டம். கடையை விட்டு ஓடிய மகன், அந்தக் கடையின் கேமரா முன்னாலேயே வாடிக்கையாளனாக வந்து நிற்கிறான்.

1987-ல் சுகேசோ இறந்தார். அடுத்த குரூப் போட்டோவில் அவர் இடத்தில் இருப்பது அவருடைய சட்டமிட்ட படம். புத்தகத்தின் அச்சாணி இந்தப் படம்தான். அதுவரை இங்கே காலியாகும் எந்த நாற்காலிக்கும் ஆள் கிடைத்தார்கள். மனைவிக்குப் பதில் ஆள், பூனைக்குப் பதில் பூனை. அப்பாவுக்கு மட்டும் யாரையும் வாடகைக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை. 'அப்பா மாதிரி ஒருத்தரை' உட்கார வைத்திருந்தால் அது ஃபுகாசேயின் பழைய பாணிக்கு ரொம்பப் பொருத்தமாகவே இருந்திருக்கும். செய்யவில்லை. அந்தச் செய்யாமையில்தான் யோகோவுக்கான பதில் இருப்பதாகப் படுகிறது. ஆள் மாறலாம் என்ற அவருடைய விதி உடைந்துபோன இடம் அது.

இந்த வாசிப்பில் நான் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுக்கிறேனோ? இருக்கலாம். அப்பா சாகும் காலத்திலும் கேமராவைக் கீழே வைக்காதவர்தான் அவர். 1991-லேயே அப்பாவைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் போட்டார். தவிர, அரை நிர்வாணமாக நிற்கும் அந்தப் பெண்களைப் பற்றிப் படங்களுக்கு எந்த ஆர்வமும் இல்லை. அவர்கள் ஒரு யோசனையின் பொருட்கள், அவ்வளவுதான். குடும்பத்தாருக்குக் கிடைத்த முகம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று பார்க்கும்போது அந்தப் பக்கங்கள் நெளிய வைக்கின்றன, அந்த நெளிவு சரியானதும்கூட. புத்தகத்தைக் காப்பாற்றுவது ஃபுகாசேயின் யோசனையா, அதைச் சகித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா அப்பாவா என்று கேட்டால், நான் பின்னவர்களைத்தான் சொல்வேன்.

1989-ல் ஸ்டூடியோ மூடப்பட்டது. தொழில் நொடித்து, குடும்பம் ஆளுக்கொரு பக்கம் சிதறியது. வரிசையும் அந்த வருஷத்தோடு முடிகிறது. புத்தகத்தில் ஃபுகாசே எழுதிய குறிப்பில் கேமராவைச் சாவைப் பதிவு செய்யும் கருவியாகப் பார்க்கிறார். தலைகீழாகத் தெரியும் இந்த எல்லாரும் ஒருநாள் செத்துப்போவார்கள், நான் உட்பட என்ற எண்ணம். தாத்தா காலத்திலிருந்து அந்தக் கண்ணாடியில் ஊரே தலைகீழாகத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு இதைக் கண்டுபிடிக்க ஐம்பது வருஷமும் ஓர் அப்பாவும் செலவாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தன்மேலேயே திருப்பிக்கொண்டார். குளியல் தொட்டியில் மூழ்கியபடி, நீர் புகாத கேமராவில் தன் முகத்தையே எடுத்தார். எடுப்பதற்கு வேறு யாரும் இல்லை என்பதுபோல. 1992 ஜூனில் டோக்கியோவின் கோல்டன் காய் பகுதியில், அடிக்கடி போகும் மதுக்கடையின் மாடிப்படியிலிருந்து விழுந்தார். மூளையில் அடி. அதன்பின் 20 வருஷம் அவர் படமே எடுக்கவில்லை. 2012-ல் இறந்தார்.

அந்த 20 வருஷமும் யோகோ மாதந்தோறும் போய் அவரைப் பார்த்துவந்தார் என்கிறார்கள். யோகோ மறுமணம் செய்துகொண்டிருந்தார். ஃபுகாசே அவரை அடையாளம் கண்டுகொண்டாரா என்பதுகூட நிச்சயமில்லை. லென்ஸ் நடுவில் இல்லாமல் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அந்த நேரங்களுக்குப் படம் கிடையாது. 'கசோகு'வை மூடி வைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்த எடுக்கப்படாத படம்தான்.