டார்வினின் கோழிகள்: இறகு சொன்னதும் தோல் சொன்னதும்

வளர்ப்பு விலங்குகள், தாவரங்களில் வரும் மாறுபாடுகளைப் பற்றி டார்வின் 1868ல் இரண்டு பாகமாக ஒரு பெரிய நூல் எழுதினார். முதல் பாகத்தில் ஏழாவது அத்தியாயம் கோழிக்கானது. மண்டை ஓடு, எலும்பு, கொண்டை, இறகுன்னு இனம் இனமாக ஒப்பிட்டுக் கடைசியில் ஒரு தீர்ப்பு சொல்கிறார்: வீட்டுக்கோழி அத்தனையும் சிவப்பு காட்டுக்கோழியிலிருந்து வந்தவை. தீர்ப்பில் பெரும்பகுதி இன்னைக்கும் நிற்குது. ஆனா அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியில் ஒரு ஓட்டை இருக்கு. அதைப் பத்திதான் இந்தக் குறிப்பு.

அத்தியாயத்திலேயே எனக்குப் பிடிச்ச இடம் ஒரு கலப்புப் பரிசோதனை. கறுப்பு ஸ்பானிஷ் சேவலையும் வெள்ளை சில்கி பெட்டையையும் சேர்த்துவிட்டார். சில்கி ஒரு விசித்திரமான ஜீவன். மேலே பஞ்சு மாதிரி வெள்ளை இறகு, அதை விலக்கிப் பார்த்தால் கரிய தோல், எலும்பை மூடும் சவ்வுகூட கறுப்பு. பெற்றோர் இரண்டிலும் சிவப்பு கிடையாது. ஆனா பிறந்ததில் ஒரு சேவல் வளர வளர காட்டுச் சேவலின் நிறத்துக்கே போய்விட்டது! மறைஞ்சிருந்த மூதாதை திரும்பி வந்துட்டார் என்று டார்வின் படித்தார். அருமையான பரிசோதனை, மறுக்கவே முடியாது.

ஆனா அங்கே மூதாதைக்காகப் பேசியது இறகு மட்டும்தான். தோலுக்குத் தனிக் கணக்கு உண்டு. வெள்ளை லெகார்னைப் பாருங்க: வெள்ளை இறகு, மஞ்சள் தோல். லைட் சசெக்ஸ் கோழிக்கும் உடம்பு வெள்ளை இறகுதான், தோலும் வெள்ளை. சில்கிக்கு அதே வெள்ளைக்குக் கீழே கறுப்பு. மூன்று வெள்ளைக் கோழி, மூன்று தோல். சில்கியின் பஞ்சு இறகுக்குக் காரணம் ஒரு மரபணு மாற்றம், கறுப்புத் தோலுக்குக் காரணம் முற்றிலும் வேறொன்று. மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்குத் தோல் கறுப்பு, ஆனா இறகு சாதாரண இறகுதான்.

இனி ஓட்டைக்கு வருவோம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியை டார்வின் மூதாதைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அதன் பிடரி இறகு நுனியில் மெழுகுத் தகடு மாதிரி ஒன்று இருக்கும், வீட்டுக்கோழிக்கு அது கிடையாது. குரலும் வேற. வீட்டுக்கோழியோடு சேர்த்தால் பிறக்கும் கலப்பினம் பெரும்பாலும் மலடு. ஒவ்வொன்றும் உண்மை. ஆனா 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள்ளேதான் கதவு திறந்திருக்கு. எங்கோ ஒரு கலப்புப் பெட்டை மலடாகாமல் தப்பி, அதன் வாரிசுகள் மறுபடி மறுபடி வீட்டுக்கோழியோடே சேர்ந்தால் மெழுகு இறகு கரைந்து போகும், குரலும் போகும். ஒரு மரபணு மட்டும் தங்கிவிடலாம்.

தங்கியும் இருக்கு. 2008ல் உப்சாலாவின் லெய்ஃப் ஆண்டர்சன் குழு அதைக் காட்டியது. தீவனத்தில் வரும் கரோட்டினாய்டு நிறமியை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. மஞ்சள் தோல் கோழியில் அந்த மரபணு தோலில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது, அதனால் நிறமி உடையாமல் தோலிலேயே தேங்குது. அந்த இடத்து வரிசையைப் படிச்சா சிவப்பு காட்டுக்கோழியோடு பொருந்தல, சாம்பலோடு பொருந்துது. இறகை நம்பி வெளியே அனுப்பிய பறவை தோல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

இதைப் படிச்சிட்டு "கோழியே நம்ம ஊர்லதான் பிறந்தது"ன்னு கிளம்புகிறவர்கள் மேலும் எனக்கு அதே புகார்தான். 2020ல் வந்த பெரிய மரபணுத்தொகை ஆய்வு, முதன்மை மூதாதை சிவப்பு காட்டுக்கோழியின் ஒரு துணையினம் என்கிறது. அது வாழ்வது தென்மேற்கு சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பக்கம். டார்வின் முழுசா வெளியே தள்ளினார், இவங்க முழுசா உள்ளே இழுக்கிறாங்க. மூதாதை என்றால் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற கணக்கு ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சந்தையில் மஞ்சள் காலைப் பார்த்து நாட்டுக்கோழின்னு முடிவு பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை: பிராய்லருக்கும் அதே மரபணு உண்டு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தாகணும், தீவனத்தில் மக்காச்சோளமோ பச்சையோ இருக்கணும். வெள்ளைத் தோல் பிரதி ஒன்றே ஒன்று கலந்திருந்தாலும், எவ்வளவு சோளம் போட்டாலும் கால் மஞ்சளாகாது.