ஒலிப் பாடத்தில் ஒலி எங்கே?

இயற்பியல் பாடங்களுள் மாணவருக்கு மிக நெருக்கமானது ஒலியைப் பற்றிய பாடமே எனலாம். மின்னோட்டத்தைக் கண்ணால் காண இயலாது. அணுவைக் கையால் தொட இயலாது. ஒலியோ பிறந்த நாள் முதல் நம்முடன் இருக்கிறது. அதை ஆராய்வதற்கான கருவியும் ஒவ்வொருவர் தலையிலும் இரண்டாக அமைந்திருக்கிறது. ஆகவே இப்பாடம் மற்றப் பாடங்களைவிட எளிதாக மனத்தில் பதிய வேண்டும் அல்லவா?

பதிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்த ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உரக்கக் கத்தினால் ஒலி விரைவாகச் செல்லுமா? கீச்சுக் குரலும் கனத்த குரலும் ஒரே வேகத்தில் வருமா? நான் பேசும்போது என் வாயருகே உள்ள காற்று உங்கள் காதுவரை வருகிறதா? அலைநீளம், அதிர்வெண், வீச்சு ஆகியவற்றின் வரையறைகளை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவர்கள்கூட இக்கேள்விகளில் தடுமாறுவதைக் காணலாம்.

இது நம் மாணவர்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. 1990-களில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மைக்கேல் விட்மன் முதலியோர் கல்லூரி மாணவர்களிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டு ஆராய்ந்தனர். இழுத்துக் கட்டிய கயிற்றில் ஒரு துடிப்பை அனுப்புகிறோம். அது மறுமுனையை விரைவில் அடைய என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. கையை இன்னும் வேகமாக உதற வேண்டும் என்று பலர் விடையளித்தனர். கயிற்றை இன்னும் இறுக்குவதோ, இலேசான கயிற்றை எடுப்பதோதான் சரியான விடை. ஒலிபெருக்கிக்கு முன் மிதக்கும் தூசி என்ன ஆகும் என்று கேட்டபோது, ஒலி அதைத் தள்ளிக்கொண்டு போகும் என்றனர் பலர். உண்மையில் அது இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசையும். கற்றவர்களே இப்படி விடையளித்தால், குறை அறிவில் இல்லை. கற்பிக்கும் முறையில் இருக்கிறது.

வளைகோடு படமா, வரைபடமா?

முதற் குழப்பம் கரும்பலகையில் தொடங்குகிறது. ஆசிரியர் பாம்பு போன்ற ஒரு வளைகோட்டை வரைந்து, 'இதுதான் ஒலி அலை' என்கிறார். குளத்து நீரில் கண்ட அலையையே அக்கோட்டில் மாணவர் காண்கின்றனர். காற்று மேலும் கீழுமாக நெளிந்து வருகிறது என்று எண்ணிக்கொள்கின்றனர். அடுத்த வரியில் 'ஒலி ஒரு நெட்டலை' என்று எழுதும்போது, படமும் சொல்லும் ஒன்றையொன்று மறுப்பதை அவர்கள் உணர்வதில்லை. இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுகின்றனர்.

அந்த வளைகோடு ஒலியின் உருவம் அன்று. அது ஒரு வரைபடம். கிடை அச்சில் இடத்தையும், நிலை அச்சில் அந்தந்த இடத்தில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதையும் குறிக்கிறோம். கோடு மேலே எழும் இடம் நெருக்கம். கீழே இறங்கும் இடம் நெகிழ்வு. நல்ல பாடநூல்கள் வளைகோட்டுக்கு மேலே புள்ளிகளை நெருக்கியும் தளர்த்தியும் வரைந்து காட்டுகின்றன. ஆனால் அச்சுகளுக்குப் பெயரிடாமல் விட்டுவிட்டால் அந்த உழைப்பு வீணாகிறது.

காற்று எவ்வளவு அசைகிறது என்பதையும் எண்ணால் சொல்ல வேண்டும். சாதாரணப் பேச்சொலியில் காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசையும் தொலைவு, ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஓரிரு பங்குதான். அழுத்தத்தில் ஏற்படும் மாறுதலோ வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு அளவினது. இவ்வளவு சிறிய அசைவை ஒரு துகள் அடுத்த துகளுக்குக் கைமாற்றுவதால்தான் பேச்சு அறையைக் கடக்கிறது. இந்த ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், வாயிலிருந்து புறப்பட்ட காற்றே காதுக்கு வருகிறது என்ற எண்ணம் தானாக மறைந்துவிடும்.

வாய்பாடு சொல்வது என்ன?

திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். இப்பாடத்தில் மிகுதியாகப் பயன்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்று வாய்பாட்டைப் பார்த்தே மாணவர் முடிவு செய்கின்றனர். கணிதப்படி பார்த்தால் அவர்களைக் குறை கூறவும் இயலாது. எதை எது தீர்மானிக்கிறது என்பதை வாய்பாடு சொல்வதில்லை. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஒலியை எழுப்பும் பொருள். வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம். இவ்விரண்டுக்கும் ஏற்ப அமைவதே அலைநீளம். 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலி நம் ஊர்க் காற்றில் சுமார் 70 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்டது. அதே ஒலி நீருக்குள் சென்றால் அதிர்வெண் மாறுவதில்லை. வேகம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஆவதால் அலைநீளம் 3 மீட்டராக நீள்கிறது.

இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியதில்லை. அரை கிலோமீட்டருக்கு அப்பால் கோயில் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. அவ்வொலி நம்மை வந்தடைய ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகிறது. நாகசுரத்தின் உயர்ந்த சுரங்கள் தவிலின் கனத்த ஒலியைவிடப் பத்தில் ஒரு பங்கு விரைவாக வருமானால், அவை வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் முந்திவிடும்; தாளம் சிதைந்து கேட்கும். அப்படிக் கேட்பதில்லையே! ஒலி மெலிந்து வருகிறது. ஆனால் பாட்டு பாட்டாகவே வருகிறது. வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் இந்த ஓர் அனுபவத்தை வகுப்பில் பேசினால் போதும்.

மணிச்சாடிச் சோதனை

கண்ணாடிச் சாடிக்குள் மின்சார மணி ஒலிக்கிறது. பம்பினால் காற்றை வெளியேற்ற ஒலி மெல்ல மெல்லத் தேய்கிறது. ஒலி பரவ ஊடகம் தேவை என்று இதிலிருந்து முடிவு செய்கிறோம். முடிவு சரியானது, விளக்கத்தில்தான் குறை இருக்கிறது.

பள்ளிப் பம்பு காற்றை நூற்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதுவதற்கு முன் கடக்கும் சராசரித் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு அளவே. மணியொலியின் அலைநீளமோ பல சென்டிமீட்டர். எனவே அந்த மெல்லிய காற்றிலும் ஒலி நன்றாகச் செல்ல முடியும். வெப்பநிலை மாறாதவரை வேகமும் ஏறத்தாழ அதேதான். பின் ஏன் ஒலி தேய்கிறது? அடர்த்தி குறைந்த காற்றுக்கு மணியால் மிகச் சிறிதளவு ஆற்றலையே கொடுக்க முடிகிறது. அக்காற்று கண்ணாடிச் சுவருக்குக் கொடுப்பது அதைவிடச் சிறிது. ஊடகம் ஒலியைச் சுமக்க மறுப்பதில்லை. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் நட்டம் ஏற்படுகிறது.

இது உயர்நிலை வகுப்புக்கு மிகையானது என்று சிலர் கருதலாம். முழு விளக்கமும் தேவையில்லை. ஆனால் 'காற்று குறையக் குறைய ஒலி மெதுவாகச் செல்கிறது' என்று மாணவர் எழுதினால், அதைச் சரி என்று திருத்தக் கூடாது. ஒலி மெலிவது வேறு, மெதுவாவது வேறு.

சொற்கள் செய்யும் குழப்பம்

தமிழில் பயிலும் நமக்குக் கலைச்சொற்கள் பெரிதும் உதவுகின்றன. 'அதிர்வெண்' என்ற சொல்லே தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. எனினும் எல்லாச் சொற்களும் அப்படி அமையவில்லை. 'நெட்டலை' என்றால் நீளமான அலை என்றும், 'குறுக்கலை' என்றால் குறுகிய அலை என்றும் மாணவர் பொருள் கொள்வது இயல்பே. அலைநீளத்துக்கும் இப்பெயர்களுக்கும் தொடர்பில்லை. துகள்கள் அலை செல்லும் திசையில் அசைகின்றனவா, அதற்குக் குறுக்காக அசைகின்றனவா என்பதே வேறுபாடு. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

'குரலை உயர்த்திப் பேசு' என்கிறோம். உரக்கப் பேசு என்பதே அதன் பொருள். ஆனால் பாடத்தில் உயர்ந்த சுருதி என்பது வேறு, உரப்பு என்பது வேறு. ஆர்மோனியத்துக்கு முன் அமர்ந்து 'நாலு கட்டை', 'ஐந்து கட்டை' என்று சுருதி சொல்லும் பாடகர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை. துருத்தியை வேகமாக அழுத்தினால் உரப்பு கூடும். கட்டையை மாற்றினால்தான் சுருதி மாறும். இந்த அறிவு நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பறைதான் அதை அழைக்கவில்லை.

மிருதங்கம் ஏன் இடம்பெறவில்லை?

இசைக்கவையும் சுரமானியும் நல்ல கருவிகளே. ஆயினும் ஒலிப் பாடம் அவற்றோடு நின்றுவிடுவது ஏன்? சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால், அதன் அடிப்படை அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால், மேல் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்று அமைகின்றன. ஆகவே பறை போன்ற தோற்கருவிகளில் தெளிவான சுரம் எழுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சாந்து பூசியிருப்பதால் நிலைமை மாறுகிறது. நடுவில் எடை கூடுவதால் மேல் அதிர்வுகள் இடம்பெயர்ந்து, 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்கு மிக அருகில் வந்து சேர்கின்றன. கம்பியைப்போல் தோலும் சுரத்தோடு பேசுகிறது.

இதை விளக்கியவர் சர் சி. வி. இராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் எழுதினார். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரை அறிந்திருக்கும் மாணவருக்கு, தம் ஊர்க் கருவி ஒன்று உலக அறிவியல் இதழில் இடம்பெற்ற செய்தி எவ்வளவு ஊக்கம் தரும்! கணக்கு தேவையில்லை. ஒரு மிருதங்கத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து இரு தலைகளையும் தட்டிக் காட்டினால் போதும்.

நேரமும் செலவும்

ஆசிரியர்கள் சொல்லும் தடைகள் மெய்யானவை. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை அதிகம்; பாடவேளை குறைவு; தேர்வு நெருங்குகிறது. ஆனால் பின்வரும் சோதனைக்குத் தேவையானவை ஒரு சுவரும் ஒரு கடிகாரமும் மட்டுமே.

பெரிய சுவருக்கு நேரே 50 மீட்டர் தொலைவில் நின்று இரு கட்டைகளைச் சீராகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் சரிநடுவில் எதிரொலி கேட்கும்படி வேகத்தை அமையுங்கள். முதல் தட்டைச் சுழி என்று தொடங்கி, இருபதாவது தட்டு வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஓர் இடைவெளியில் ஒலி 200 மீட்டர் செல்லக்கூடும். இருபது இடைவெளிகளில் 4000 மீட்டர். நேரம் சுமார் பதினொன்றரை வினாடி ஆகும். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 348 மீட்டர் வருகிறது. கேம்பிரிட்ஜ் திரினிதி கல்லூரியின் நடைமண்டபத்தில் எதிரொலியைக் கேட்டு நியூட்டன் செய்த அளவீடும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடநூலில் 332 என்று இருப்பதைப் பார்த்து, தம் விடை தவறு என்று மாணவர் எண்ணக்கூடும். அளவீட்டைத் 'திருத்தி' எழுதவும் கூடும். 332 என்பது 0 டிகிரி செல்சியஸில் உள்ள வேகம். ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. 30 டிகிரி வெயிலில் 350-க்கு அருகில் வருவதே நேர்மையான விடை. புத்தகத்து எண்ணுக்காக அளவீட்டைத் திருத்தும் பழக்கம் ஒரு முறை படிந்துவிட்டால், அதை மாற்றுவது மிகக் கடினம்.

தேர்வு வினாக்களும் மாற வேண்டும். 'நெட்டலை என்றால் என்ன?' என்று கேட்கும்வரை வரையறையே படிக்கப்படும். 'உரக்கக் கத்தினால் எதிரொலி முன்னதாக வருமா? காரணம் கூறுக' என்று கேட்டுப் பாருங்கள். அதே இரண்டு மதிப்பெண்தான். ஆனால் அந்த வினாவுக்கு விடை எழுத, மாணவர் ஒரு நாளாவது சுவருக்கு எதிரே நின்று கத்திப் பார்த்திருக்க வேண்டும்.