தொலைக்காட்சி யாருடைய அமானிதம்?

1980களில் நம் ஊர்த் தெருக்களில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றிரண்டாக நுழையத் தொடங்கிய காலத்தில், அதுபற்றிப் பெரியவர்களிடையே நடந்த வாதங்களை நாம் அருகிருந்து கேட்டிருக்கிறோம். அப்போது நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவர். இப்பெட்டியை வீட்டில் வைக்கலாமா, ஆகாதா. வைத்தால் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பனவே அவ்வாதங்களின் பொருள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கும் வேளையில், தெருவில் பெட்டி வைத்திருந்த ஒரே வீட்டின் திண்ணையும் கூடமும் நிரம்பிவிடும். வாதமும் தானே ஓய்ந்துவிடும். ஆயினும் வாதித்தோர், பார்த்தோர் ஆகிய இரு சாராரும் ஒரு கேள்வியை மட்டும் எழுப்பவில்லை. இப்பெட்டிக்குள் படம் அனுப்புகிறவர் யார்? அவருக்குப் பணம் தருகிறவர் யார்? அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்?

ஒரு நூலைக் கையில் எடுத்தால் அதை ஆக்கியோன் யார், கேட்போர் யார், அதனால் விளையும் பயன் யாது என்று பாயிரத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்பது நன்னூல் வகுத்த முறை. நூலுக்குக் கேட்கும் அக்கேள்விகளைத் தூர்தர்ஷனிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூர்தர்ஷன் 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகப் பிறந்தது. வாரத்தில் இரண்டு நாள், சிறிது நேரமே ஒளிபரப்பு. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1965இல்தான் அது நாள்தோறும் நடைபெறலாயிற்று. 1967இல் தில்லியைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் உழவர்களுக்கென ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவிடம் இரவல் பெற்ற செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி, வேளாண்மை, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகள் சென்றன. அதே மாதம் 15ஆம் நாள் சென்னை நிலையமும் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இத்துறையின் எண்ணம் தூயது. கேட்போர் யார், பயன் யாது என்பதில் ஐயமிருக்கவில்லை.

ஆக்கியோன் யார் என்பதில்தான் குறை. அன்று தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. வானொலியோ மத்திய அமைச்சகத்தின் ஓர் அலுவலகம். 1976 ஏப்ரலில் தூர்தர்ஷன் தனிப் பிரிவானபோதும் அமைச்சகத்தின் பிடி தளரவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் (1975–77) அரசின் குரல் ஒன்றே செய்தி என்றாயிற்று. அதன் பின் வந்த ஜனதா அரசு பி.ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1978இல் தந்த அறிக்கை, வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசிடமிருந்து பிரித்து, மக்களுக்காகப் பேணும் ஒரு தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைக்கச் சொன்னது. நம் வழக்கில் சொல்வதாயின், இது அமானிதம். வைத்திருப்பவர் பொறுப்பாளரேயன்றி உடைமையாளர் அல்லர் என்பதே அதன் கருத்து. 1979இல் வந்த மசோதா, ஆட்சி கவிழ்ந்ததும் தானும் மறைந்தது.

இனிப் பணத்தின் வரலாற்றைக் காண்போம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது பலருக்கும் தொல்லையாகவே தோன்றிற்று. ஆனால் அக்கட்டணத்தில் ஒரு நுட்பம் இருந்தது: பார்ப்பவன் பணம் கொடுத்தான், ஆகவே கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு இருந்தது. 1976 ஜனவரியில் தூர்தர்ஷனில் வணிக விளம்பரம் புகுந்தது. 1980களில் உரிமக் கட்டணம் கைவிடப்பட்டது. சுமை நீங்கியதென்று மகிழ்ந்தோம். கட்டணத்தோடு நமது உரிமையும் கரைந்து போனதை உணர்ந்தோமில்லை. அதன்பின் எஞ்சியவர் இருவர்: மானியம் தரும் அரசு, விளம்பரம் தரும் வணிகர். எவர் கையில் பணப்பையோ அவர் பக்கமே முகம் திரும்பும் என்பது உலக இயல்பு.

1984இல் வந்த ‘ஹம் லோக்’ தொடரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். குடும்ப நலக் கருத்துகளைக் கதை வழியே பரப்புவது அதன் முதல் நோக்கம். மெக்சிகோ நாட்டில் அவ்வாறு நடந்த முயற்சிகளைப் பார்த்து அது உருவாக்கப்பட்டது. பார்ப்போர் பெருகப் பெருகப் போதனை சுருங்கிற்று, கதை வளர்ந்தது. அத்தொடருக்குப் பொருளுதவி செய்த நிறுவனத்தின் நூடுல்ஸ் வீடுதோறும் அறிமுகமாயிற்று. அத்தொடரை நாம் குறைகூறவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் துன்பத்தை நேர்மையோடு காட்டியது அது. ஆயினும் விளம்பரதாரர் வாயில் வழியே நுழைந்த பின் நிகழ்ச்சியின் அளவுகோல் மாறிவிட்டது. எது தேவை என்பது போய், எது விலைபோகும் என்பது வந்து அமர்ந்தது.

இத்தனைக்கும் இடையில் தூர்தர்ஷன் நல்லன செய்யவில்லை என்று கூறினால் அது நீதியாகாது. நாட்டுப் பிரிவினையின் கொடுமையைச் சித்திரிக்கும் ‘தமஸ்’ 1988இல் ஒளிபரப்பானபோது அதை நிறுத்தக் கோரி வழக்குத் தொடுத்தனர். உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே ஆண்டு தொடங்கிய ‘மகாபாரதம்’ தொடருக்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்னும் முஸ்லிம் எழுத்தாளர். இதிகாசத்தின் உரையாடலை அவர் தீட்ட, நாடே அதைக் கேட்டது. விலைபோகும் சரக்கை மட்டுமே தேடும் வணிகன் ‘தமஸ்’ போன்றதொரு படைப்பை எளிதில் தொடமாட்டான். பொது ஒளிபரப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1990இல் நாடாளுமன்றம் பிரசார் பாரதிச் சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வர ஏழாண்டுகள் ஆயின. 1997இல்தான் கழகம் அமைந்தது. இடையில் 1995இல், வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றைப் பொது நலனுக்காக ஒரு பொது அமைப்பே ஆள வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தைப் படித்தால் உள்ளம் குளிரும். அதன் 12ஆம் பிரிவு, உண்மையான செய்தியை அறியும் குடிமகனின் உரிமையைக் காத்தல், பல வட்டாரங்களின் மொழிகளையும் பண்பாடுகளையும் பேணுதல், சிறுபான்மையினரின் தேவைகளைக் கருதி நிகழ்ச்சி அளித்தல் ஆகியவற்றைக் கடமைகளாக்குகிறது. கழகத்தை மேற்பார்வையிட 22 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்றையும், மக்களின் முறையீடுகளை விசாரிக்க ஒலிபரப்பு மன்றம் ஒன்றையும் சட்டம் கூறியது. ஆனால் 2014இல் சாம் பிட்ரோடா தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தபோதும் அவ்விரண்டும் ஏட்டளவிலேயே இருந்தன. அரபு இலக்கணம் படித்தோர் அறிவர்: முப்ததா இருந்து கபர் வராவிட்டால் வாக்கியம் நிறைவுறாது. எழுவாய் நிற்கிறது, பயனிலை இல்லை. கபர் என்னும் அச்சொல்லுக்கே செய்தி என்பதும் பொருளாதலின், இவ்வுவமை இங்குச் சாலவும் பொருந்தும்.

சம்பளச் செலவு அரசு மானியத்தில் நடக்கிறது. 2007 அக்டோபர் 5 வரை பணியில் சேர்ந்தோர் ஓய்வு பெறும்வரை அயற்பணியிலுள்ள அரசு ஊழியராகவே கருதப்படுவர் எனச் சட்டத் திருத்தமே கூறுகிறது. கருவிகளையும் கட்டமைப்பையும் புதுப்பிக்க 2023இல் மத்திய அமைச்சரவை 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கியது. கட்டணமற்ற ‘ஃப்ரீ டிஷ்’ சேவையில் தனியார் அலைவரிசைகளுக்கு இடத்தை ஏலம் விட்டும் கழகம் வருவாய் ஈட்டுகிறது. பள்ளிவாசல் சொத்தில் கடை கட்டி வாடகைக்கு விடுவது பிழையன்று. அவ்வாடகையால் பள்ளி சிறக்க வேண்டும். கடைத்தெரு பெருகப் பெருகப் பள்ளிக்குள் விளக்கெரிக்க ஆளில்லை என்றால் அப்பொறுப்பாளரை ஜமாஅத் கேள்வி கேட்கத்தானே வேண்டும்?

வேறு வழி உண்டா எனில், உண்டு. ஜெர்மனியில் ஒவ்வொரு குடும்பமும் மாதம் 18.36 யூரோ பொது ஒளிபரப்புக்குச் செலுத்துகிறது. எவ்வளவு தேவை என்று கணக்கிடுவது அமைச்சரகமன்று. அதற்கெனத் தனி வல்லுநர் குழு உண்டு. 2020இல் ஒரு மாநிலம் கட்டண உயர்வுக்கு ஒப்புதல் தராதபோது, மறு ஆண்டே அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டு உயர்வைச் செயலாக்கிற்று. அமெரிக்காவிலோ 1967இன் சட்டத்தால் பொது ஒளிபரப்புக்கு வந்துகொண்டிருந்த அரசு நிதியில், ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025இல் காங்கிரஸ் திரும்பப் பெற்றது. ஓரிடத்தில் நிதிக்குக் காவல் இருந்தது; மற்றோரிடத்தில் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இதில் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குத் தனியே ஒரு கவலை உண்டு. 1982இல் தேசிய ஒளிபரப்புத் தொடங்கியபோது, இரவின் முதன்மையான நேரம் சென்னை நிலையத்திலும் பெரும்பாலும் இந்திக்கே ஆயிற்று. பின்னாளில் தமிழுக்கெனத் தனி அலைவரிசை அமைந்தது. பொதிகை என்று வழங்கி, 2024 ஜனவரி முதல் ‘டிடி தமிழ்’ என்னும் பெயரால் வருகிறது. 2006இல் உருது அலைவரிசை ஒன்றும் தொடங்கப்பட்டது. அதை வரவேற்கிறோம், அஃது ஒரு பெருமொழிக்குச் செய்த சிறப்பு. ஆனால் முஸ்லிம் என்றால் உருது என்று எண்ணிவிடுவது தில்லியில் எளிது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவ்வாறு எண்ண இயலாது. நமது தாய்மொழி தமிழ். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை விளக்குவதற்கும், குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை இசையோடு கேட்பதற்கும், அரபுத் தமிழ் ஏடுகளின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கும் எந்த விளம்பரதாரரும் முன்வரமாட்டார். அது சட்டத்தின் 12ஆம் பிரிவு பொது நிலையத்தின்மேல் வைத்த கடமை. அக்கடமை நிறைவேறும் இடம் தில்லியன்று, சென்னை நிலையம். அந்நிலையத்துக்குத் தன் விருப்பப்படி செலவிடப் பணமும், தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க உரிமையும் இல்லாவிடில் கடமை காகிதத்தில்தான் இருக்கும்.

தூர்தர்ஷனை யாரும் பார்ப்பதில்லையே, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று இளைஞர் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். நம் பதில் இதுதான்: பார்க்காவிட்டாலும் பணம் நம்முடையது, வானலையும் நம்முடையது. தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் நாம் உழவில்லை என்பதற்காக அதை அடுத்தவர் பெயருக்கு எழுதிவிடுவோமா? நாடாளுமன்ற உறுப்பினர் நம் ஊருக்கு வருங்கால், சாலையும் குடிநீரும் கேட்பதோடு, சட்டம் சொன்ன குழு எங்கே என்றும் ஒரு வார்த்தை கேட்போம். சென்னை நிலையத்துக்கு ஆண்டில் ஒரு கடிதமாவது எழுதுவோம். பெட்டியை வீட்டில் வைக்கலாமா என்று நம் பெரியவர்கள் அன்று வாதிட்டார்கள். வைத்தாகிவிட்டது. கணக்குக் கேட்பதையாவது இனித் தள்ளிப்போடாதிருப்போம்.