பனங்கள்ளும் பாளைக் கத்தியும்

பனையின் பாளையைச் சீவ வடியும் சாறு தானாகவே நொதித்து உண்டாகும் வெள்ளை மதுவே பனங்கள்ளு. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை ஒட்டிய மூதூர், சம்பூர்ப் பக்கங்களிலும், வடக்கே நிலாவெளி, குச்சவெளிக் கரையிலும் பனையும் தென்னையும் நிற்பதால் இருவகைக் கள்ளும் இங்கு உண்டு. தென்னங்கள்ளு இலேசானது, இனிப்பானது. பனங்கள்ளில் வாசமும் உறைப்பும் கூட. நாவில் கனத்து நிற்பதும் அதுதான். கள்ளு அறிந்தவர் தேடுவது அந்தக் கனத்தையே.

பாளையிலிருந்து சொட்டும்போது சாறு தெளிவாகவே இருக்கும். அதில் 10 முதல் 15 சதவீதம் வரை சர்க்கரை. முட்டியில் விழுந்ததும் மதுவம் அதை மதுசாரமாக்கத் தொடங்கும்; எழும் காபனீரொட்சைட்டு நுரையாகும். பால்போன்ற வெண்மை, சாற்றில் மிதக்கும் மதுவக் கலங்களும் பற்றீரியாக்களும் தருவது. லியூக்கோனொஸ்ரொக் என்னும் பற்றீரியா சர்க்கரையின் ஒரு பங்கை டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக மாற்றுகிறது. வழவழப்பு அதனால் வருகிறது. இலத்திக்கமிலம் இதமான புளிப்பைச் சேர்க்கிறது. ஒரு நாள் கடந்தால் அசற்றிக்கமிலம் முந்திக்கொள்ளும். கள்ளு காடியாகத் தொடங்கும். அப்ப மாவைப் புளிக்க வைக்க அது உதவும்.

திராட்சை மது செய்பவருக்குப் பீப்பாயும் நிலவறையும் ஆண்டுகளும் உண்டு. சீவல் தொழிலாளியின் வித்தை முழுவதும் மர உச்சியில் முடிந்துவிடுகிறது. காலில் தளைநார் பூட்டி ஏறி, பாளையைக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டியும் நசித்தும் சாற்றை இறங்கப் பழக்க வேண்டும். அடி மிஞ்சினால் பாளை கன்றிவிடும். குறைந்தால் சாறு இறங்காது. பிறகு காலையும் மாலையும் நுனியில் மெல்லிய சீவல். கத்தி மழுங்கினால் வெட்டுவாய் நைந்து வடிதல் குறையும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டு, கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. தடவாமல் விட்டால் கள்ளு. முட்டியைக் கழுவும் அளவிலும் சுவை தங்கியிருக்கிறது: பழைய வண்டல் சிறிது இருந்தால் நொதிப்பு விரைவாகத் தொடங்கும், மிகுந்தால் புளிப்பு ஏறிவிடும்.

இவ்வளவு நுட்பமிருந்தும் இத்தொழிலைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்தது தமிழ்ச் சமூகம். கள்ளை ரசித்தவர்களும் அதை இறக்கியவரை மதிக்கவில்லை. 1970களில் வடக்கு, கிழக்கில் எழுந்த சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் விற்பனையை ஒழுங்குபடுத்தின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. மரம் ஏறும் இளைஞர் இன்று அருகிவருகின்றனர்.

போத்தல் கள்ளு நெடுநாள் கெடாதிருக்கச் சூடாக்கப்படுகிறது. அதோடு நுரையின் துடிப்பும் அடங்கிவிடுகிறது. தாகத்துக்கு அது போதும். பனங்கள்ளின் தரத்தை அறிய, காலையில் இறக்கியதை அன்றே, மரத்தடியில், பனையோலைப் பிளாவில் குடிக்க வேண்டும்.