திசை தெரியும், இடம் தெரியுமா?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவில் ஏறக்குறையப் பாதிதான். ஆனாலும் பிரிட்டனில் அதற்கு மேல் உயர்ந்த மலை இல்லை. குளிர்காலத்தில் உச்சியில் பனி மூடி, மேகமும் இறங்கிவிட்டால் தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வடக்குப் பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் 'ஃபைவ் ஃபிங்கர் கல்லி' என்று ஆட்களை விழுங்கிப் பெயரெடுத்த பிளவு. இரண்டுக்கும் இடையில் இறங்க அங்குள்ள மலையேறிகள் ஒரு கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: உச்சியிலுள்ள நில அளவைத் தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. வரைபடக் கட்டத்தின் வடக்கிலிருந்து எண்ணிய கோணங்கள் இவை. காந்த விலக்கத்தைச் சரிசெய்து காம்பஸில் வைத்துக்கொண்டு, காலடியை எண்ணியபடி நடக்க வேண்டும். தன் கையே சரியாகத் தெரியாத வெளுப்பில் இந்த இரண்டு எண்கள் ஆளைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கின்றன.

இதே மலையைப் பற்றி 2021 ஜூலையில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஜான் மியூர் டிரஸ்ட்டும் ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்பும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. கூகுள் மேப்ஸ் கார் நிறுத்துமிடத்திலிருந்து உச்சிக்குப் புள்ளிக்கோடு ஒன்றைக் காட்டுகிறது, அதை நம்பிப் போனால் உயிருக்கே ஆபத்து என்றன. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் காகிதம் ஜெயித்தது, போன் தோற்றது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு அது.

பென் நெவிஸ் கணக்கு பலிப்பதற்குக் காரணம் அந்தத் தூண். புறப்படும் இடம் சந்தேகமில்லாமல் தெரியும். அதனால் கோணத்துக்கு அர்த்தம் உண்டு. தூணிலிருந்து 200 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, தூணருகே நிற்பதாக நினைத்து அதே 231-ஐப் பிடித்தால், அதே காம்பஸ் கொஞ்சமும் பிசகாமல் நம்மைப் பள்ளத்துக்கு அழைத்துப் போகும். ஊசி திசையைச் சொல்லும். நிற்கும் இடத்தைச் சொல்லாது. வழி தவறியவருக்கு முதலில் தெரிய வேண்டியது இடம்தான். வரைபடத்தையும் காம்பஸையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் கலையில் முக்கால் பங்கு வேலை வரைபடத்துடையது, காம்பஸ் கூடமாட உதவுகிற ஆள் மட்டுமே. சொல்லித்தருகிற முறையில் இந்த விகிதம் தலைகீழாகிக் கிடப்பதுதான் என் குறை.

தமிழ்நாட்டில் இந்தக் கலையைப் பாடமாகவே வைத்திருக்கும் ஓர் இடம் என்.சி.சி. 'மேப் ரீடிங்' தேர்வுக்கு உரிய பகுதி. உண்மை வடக்கு, காந்த வடக்கு, கட்ட வடக்கு என்று மூன்று வடக்குகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேரிங்கை, அதாவது திசைக்கோணத்தை, மாற்றும் கணக்கு. 180-ஐக் கூட்டியோ கழித்தோ எடுக்கும் பேக் பேரிங். நூறு மீட்டர் கட்டத்துக்குள் ஓர் இடத்தை அடக்கும் ஆறு இலக்கக் கிரிட் ரெஃபரன்ஸ். பாடம் ஒழுங்கானது, பிழையில்லாதது. பிரச்சினை, அதில் பெரும்பகுதியைக் காலை வெளியே வைக்காமல் முழு மதிப்பெண்ணோடு முடித்துவிடலாம் என்பது.

அந்த மாற்றுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் வெலிங்டனில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து 20 டிகிரிக்கும் மேல் கிழக்கே விலகி நிற்கிறது. 20 டிகிரியைக் கவனிக்காமல் 1 கிலோமீட்டர் நடந்தால் சேர வேண்டிய இடத்துக்குச் சுமார் 350 மீட்டர் தள்ளிப் போய் நிற்போம். அங்கே இந்தக் கணக்கு உயிர் காக்கும் கணக்கு. நீலகிரியிலோ விலக்கம் சுமார் 2 டிகிரிக்குள் அடங்கிவிடும்; கிலோமீட்டருக்கு 35 மீட்டர். கரடுமுரடான சரிவில் காம்பஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவரின் பார்வைப் பிழை பெரும்பாலும் இதைவிட அதிகம். நம் மலைகளில் ஆபத்தில்லாத பிழைக்கு இத்தனை பக்கம் ஒதுக்குகிறோம்.

நமக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. அதைப் பாடத்தில் தேட வேண்டியிருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் ராக்கெட் ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஐரோப்பாவில் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைத் தரையை நோக்கி இழுக்கும். அதைச் சமன்செய்ய அங்கே விற்கும் காம்பஸ்களில் தென்முனைப் பக்கம் சற்றுப் பாரம் சேர்ப்பார்கள். இங்கே அந்த இழுப்பு மிகக் குறைவு என்பதால் பாரம் மட்டும் மிஞ்சும். தென்முனை தொங்கிப்போய்த் தட்டில் உரசும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த காம்பஸ் நகராமல் முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊசி தாராளமாகச் சுழல்கிறதா என்று மட்டமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. சேலத்துக் கஞ்சமலை போல மேக்னடைட் இரும்புத்தாது மண்டிய இடங்களில் ஊசியை அப்படியே நம்ப முடியாது. காந்தம் வைத்த போன் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காம்பஸை நெஞ்சருகே பிடிப்பவருக்குக் கஞ்சமலைகூடத் தேவையில்லை.

காம்பஸின் இன்னொரு குறை காட்டில்தான் தெரியும். ஒரு கோணத்தைப் பிடித்து நடப்பதற்கு அந்தக் கோட்டில் தொலைவில் ஒரு பாறையோ மரமோ கண்ணுக்குப் பட வேண்டும். புல்வெளி மலைகளில் அது எளிது. உண்ணிச்செடி மண்டிய புதரிலோ சோலைக்குள்ளோ பத்தடிக்கு அப்பால் பார்வை போகாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான். தெரிந்த இரண்டு மூன்று சிகரங்களுக்குப் பேரிங் எடுத்து, கோடுகளைத் தாளில் பின்னோக்கி இழுத்து, அவை வெட்டும் இடத்தில் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கும் முறைக்கும் இதே கதி. வரைந்து பார்க்க அழகான முறை. ஆனால் மூன்று சிகரங்கள் பார்வையில் இருந்து, மூன்றின் பெயரும் தெரிந்திருந்தால் அந்த ஆள் ஒன்றும் பெரிதாக வழி தவறிவிடவில்லை!

வரைபடத்தின் உண்மையான பலம், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் காண்டூர் கோடுகளில் இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போஷீட்டில் 2 சென்டிமீட்டர் என்பது 1 கிலோமீட்டர். மலைப்பகுதித் தாள்களில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்மையான சரிவு. கோடுகள் வளைந்து கூர் முனை மேட்டை நோக்கியிருந்தால் அது ஓடை. பள்ளத்தை நோக்கியிருந்தால் மலையிலிருந்து இறங்கும் முதுகு. இது பழகிவிட்டால் மூடுபனியிலும் தாள் பேசும். இருபுறமும் தரை சரிகிறது, கால் மட்டும் மெல்ல இறங்குகிறது என்றால் ஒரு முதுகின் மேல் நடக்கிறோம். தாளில் அந்தப் பக்கத்தில் இரண்டு முதுகுகள் இருந்து, ஒன்று தென்மேற்காகவும் மற்றொன்று வடமேற்காகவும் இறங்கினால், எது என்று முடிவு செய்ய இப்போது காம்பஸை எடுக்கலாம். காலடிச் சரிவு எந்தத் திசையில் விழுகிறது என்று ஒரு பார்வை; கேள்வி முடிந்தது. 231, 282 என்ற துல்லியமெல்லாம் வேண்டாம், தென்மேற்கா வடமேற்கா என்ற அளவு போதும்.

வேண்டுமென்றே தப்பாகப் போகும் உத்தியும் உண்டு. ஓடைக்கு மேல் ஒரு பாலத்தைப் பிடிக்க வேண்டும். நேராகப் பாலத்தைக் குறிவைத்து நடந்தால், ஓடையை அடைந்ததும் பாலம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று திகைக்க வேண்டிவரும். தெரிந்தே நூறு இருநூறு மீட்டர் இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்தால், ஓடை வந்ததும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம். காம்பஸின் பிழையை ஒப்புக்கொண்டு, அதைச் சமாளிக்க வரைபடத்திலிருக்கும் ஓடையைத் துணைக்கு அழைக்கிறது இது. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பேரிங் கணக்கில் தோற்ற மாணவர்கூட ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்.

வரைபடமும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. 20 மீட்டர் இடைவெளி என்றால் 15 மீட்டர் பாறை முகம் இரண்டு கோடுகளுக்கு நடுவே தடயமின்றி ஒளிந்துகொள்ளலாம். தாள் அதை இறங்கக்கூடிய சரிவு என்றே காட்டும். அளவை எடுத்த பிறகு வந்த நீர்த்தேக்கமும் தேயிலைத் தோட்டச் சாலையும் தாளில் இருக்காது. பழைய தாள்களின் அடிப்படை அளவைமுறையும் ஜிபிஎஸ் பயன்படுத்துவதும் வேறு வேறு. போன் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பழைய தாளில் அப்படியே குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பொதுமக்களுக்கென்று வெளிவரும் புதிய ஓப்பன் சீரிஸ் தாள்களில் இந்த வம்பு இல்லை.

ஜிபிஎஸ் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். காம்பஸால் முடியாத ஒன்றை அது நொடியில் செய்கிறது: நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அடர்ந்த மரக்கூரையின் கீழும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் தடுமாறும், பேட்டரி தீரும், ஈரத்தில் திரை விரலுக்குக் கட்டுப்படாது, எல்லாம் உண்மை. அதற்காக அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாளோடு மட்டும் போவதை வீரம் என்று கொண்டாட முடியாது. உள்ளங்கைத் திரையில் முழு மலையும் ஒரே பார்வையில் அடங்காது. விரித்த தாளில் அடங்கும். போனில் புள்ளியை எடுத்து, தாளில் பென்சிலால் குறித்து, அடுத்த ஒரு மணி நேரத்துக்கான தரையைத் தாளில் படிப்பதுதான் இன்றைக்குச் சரியான முறை. பென் நெவிஸில் கூகுள் கோட்டைப் பின்தொடர்ந்தவர்கள் தவறவிட்டது காம்பஸை அல்ல. காண்டூர் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தான தரையில் ஏறுகிறது என்று தாளைப் பார்த்ததும் புரிந்திருக்கும்.

அந்தப் படிப்பு இங்கே வளராததற்கு மாணவர்களைக் குறைசொல்ல முடியாது. 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவையின் பலனான தாள்கள், சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பாதுகாப்புக் காரணத்தால் பூட்டியே கிடந்தன. கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் தாள்களைச் சாதாரண மக்களால் வாங்கவே முடியாமல் இருந்தது. 2005 வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசையைக் கொண்டுவந்தது. 2017-இல் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் விதிகள் மேலும் தளர்ந்தன. கையில் கிடைக்காத தாளைப் படிக்க யார் பழகியிருப்பார்கள்? காட்டுக்குள் நினைத்தபடி நடக்க அனுமதியும் கிடையாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதைகளிலும் வழிகாட்டி உண்டு. அந்த வழிகாட்டிகளுக்கு ஓடையும் முதுகும் சிறுவயதிலேயே பழக்கம்; பின்னால் வருபவருக்குத் தாளை விரிக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை.

தாள் இப்போது கிடைக்கிறது. பாடம் மட்டும் பழைய விகிதத்திலேயே நிற்கிறது. காரணம் கொள்கை அல்ல, வசதி. பேரிங் மாற்றுக் கணக்குக்கு ஒரே விடைதான். நூறு விடைத்தாளை ஒரு மணி நேரத்தில் திருத்தலாம். ஒரு குன்றின் மேல் முப்பது பேரை நிறுத்தி, காம்பஸைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, "எந்த முதுகில் நிற்கிறாய், எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வண்டி வேண்டும், அனுமதி வேண்டும், ஆளுக்கொரு தாள் வேண்டும், தானே தரையைப் படிக்கத் தெரிந்த பயிற்றுநரும் வேண்டும்.