மறைந்த கிராமங்களும் எழுதப்படாத சரித்திரமும்

ஆங்கிலப் பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு, ‘இங்கிலாந்தின் மறைந்த கிராமங்கள்’ என்று பொருள்படும் நூலை 1954இல் வெளியிட்டார். ஆடுகள் மேயும் புல்வெளிகளின் மேடுபள்ளங்களிலே இடைக்காலக் குடியானவர் நடந்த தெருக்களையும், உழுத சால்களையும், வீடுகளின் அடித்தளங்களையும் அவர் இனங்காட்டினார். இக்கிராமங்களை அழித்தது 1348ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோயே என்று பலர் நம்பியிருந்தனர். பெரஸ்ஃபோர்டு அதனை ஏற்கவில்லை. பல கிராமங்கள் அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னரே வெறுமையாயின. கம்பளி இலாபத்தை நாடிய நிலப்பிரபுக்கள் உழவரை வெளியேற்றி ஆடுகளைக் குடியேற்றினர் என்று அவர் நிறுவினார். யோர்க்ஷயரில் உள்ள வாரம் பெர்சியில் 1950 முதல் 1990 வரை நடைபெற்ற அகழ்வுகள், குடிசையின் வரலாறும் வரலாறே என்பதை உலகுக்கு உணர்த்தின.

நூலின் பெருமை இதுவே. அதன் எல்லையும் இங்கேயே தென்படுகிறது. அது நம்பி நிற்கும் சான்றுகள் வரிப்பட்டியல்களும், 1517ஆம் ஆண்டின் அரச விசாரணைப் பதிவுகளும் போன்றவை. அவற்றை எழுதியவர் ஆண்டவரே. வெளியேற்றப்பட்டவனின் குரல் அவற்றில் அரிதாகவே கேட்கிறது.

இந்நூலை அட்டனிலிருந்து படிக்கும் நமக்கு மவுசாக்கலை நினைவுக்கு வராமற்போகாது. 1969இல் நிறைவுற்ற நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாய்த் தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர், படம் பிடிக்கின்றனர். நம் எழுத்தாளர் பலரும் கோபுரத்தைக் கண்டு பெருமூச்செறிந்து, அத்துடன் பேனாவை மூடிவிடுகின்றனர். இரங்கல் இலக்கியமாகலாம், காரணத்தைத் தேடாத இரங்கல் சரித்திரமாகாது.

காரணத்தைத் தேடினால் நாம் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்திற்குச் செல்ல வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவரின் காட்டையும் சேனை நிலத்தையும் கோப்பித் துரைமாருக்குத் திறந்துவிட்ட சட்டம் அது. அந்நிலத்தில் உழைக்கவே தமிழகத்திலிருந்து நம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர். ஒருவர் நிலத்தை இழந்தார். மற்றவர் நிலமே பெறவில்லை. பின்னர் 1948ஆம் ஆண்டின் சட்டம் நம்மவரின் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று கணக்கிட்டது. பின்வந்த ஆண்டுகளில் எத்தனை லயக் காம்பராக்கள் வெறுமையாயின! அவற்றைத் தோண்ட எந்த அகழ்வாளனும் வரவில்லை.

தேயிலைச் செடியின் அடியில் அடையாளமின்றிக் கிடப்போரை ஆங்கிலத்தில் பாடிய சி. வி. வேலுப்பிள்ளை, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பையும் நமக்குத் தந்தார். பெரஸ்ஃபோர்டுக்குக் கிட்டாத சான்று அது: உழைத்தவரின் சொந்தக் குரல். தோட்டத்துச் செக்ரோல் அவர்களுடைய நாட்கூலியை மட்டுமே அறியும். ஒப்பாரியும் தாலாட்டும் அவர்களின் மனத்தை அறியும்.

தாத்தா பிறந்த லயம் எது என்று என் வகுப்பில் ஒருநாள் கேட்டேன். சிலரே விடை கூறினர். பழங்கிராமத்தின் அடித்தளம் மண்ணுக்குள் ஐந்நூறு ஆண்டு காத்திருக்கும். முதியவரின் நினைவு அவ்வாறு காத்திராது. ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, மண்வெட்டி வேண்டாம். ஒரு குறிப்பேட்டுடன் அடுத்த லயத்துக் கதவைத் தட்டுங்கள்.